பெஞ்சு காலியான கதை

பாப்பாரப்பட்டியில் அப்பாவின் டீக்கடை என் கைக்கு வந்ததும் நான் செய்த முதல் சீர்திருத்தம், தினத்தந்தியை நிறுத்தியதுதான். ஓசூர் கம்பெனியில் ஆறு வருஷம் குப்பை கொட்டியதில் எதைப் பார்த்தாலும் செலவைக் குறைக்கும் வியாதி தொற்றியிருந்தது. கணக்குப் போட்டேன். டீ குடிக்க ஐந்து நிமிஷம். ஆனால் ஆசாமி எழுந்திருக்க ஒன்றரை மணி நேரம். நடுவில் இருப்பது பேப்பர். பேப்பரை எடுத்தால் பெஞ்சு காலியாகும், புது ஆள் உட்காருவார். பாதி சரியாகத்தான் நடந்தது. பெஞ்சு காலியானது.

மூன்றாம் நாள் ரிட்டயரான தமிழ் வாத்தியார் வந்து, உட்காராமலே நின்றார். "ஏன்டா தம்பி, சுப்பிரமணிய சிவா 1925ல கண்ணை மூடுன ஊரு இது. பாரதியார் எழுதுன 'ஞானபாநு' பத்திரிகையை நடத்துன மனுஷன். அந்த ஊருல பேப்பர் இல்லாத டீக்கடையா?" என்று கேட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார். உண்மையில் அவருக்குச் சிவாவைவிடச் சிந்துபாத்தான் அவசரம். கன்னித்தீவு தினத்தந்தியில் 1960இல் தொடங்கிய படக்கதை. மந்திரவாதி மூசா லைலாவைச் சுருக்கிவிட்டதிலிருந்து சிந்துபாத் அலைகிறான். இதற்குள் வாத்தியாருக்கு வேலை, கல்யாணம், பிள்ளைகள், பென்ஷன், பேரன் எல்லாம் வந்துவிட்டன. சிந்துபாத்தான் இன்னும் வீடு போய்ச் சேரவில்லை.

"பேப்பர் செலவுல சேராதுடா. பால், சர்க்கரை மாதிரி அதுவும் சரக்கு" என்றார் அப்பா. 1942இல் மதுரையில் தந்தியைத் தொடங்கிய ஆதித்தனார், எழுத்துக்கூட்டிப் படிப்பவனுக்கும் புரிய வேண்டும் என்று பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் தமிழைப் பிடித்துக்கொண்டார். எங்கள் கடையில் அதை ஒருவர் சத்தமாகப் படிப்பார், நாலு பேர் கேட்பார்கள், 'அப்படியெல்லாம் இருக்காது' என்று மறுக்க ஒருவர் இருப்பார். ஆக, ஒரு செய்திக்கு ஆறு டீ. நான் நிறுத்தியது பேப்பரை இல்லை, மறுப்பவரை. இது புரிய எனக்கு ஒரு மாசம் ஆனது.

பேப்பர் திரும்ப வந்தது. போனவர்கள் வரவில்லை. எதிர்க்கடை பெஞ்சுக்குச் சாய்மானம் உண்டு.

1930களில் எஸ்.எஸ்.வாசன் ஆனந்த விகடனில் குறுக்கெழுத்துப் போட்டி வைத்து விற்பனையைத் தூக்கிய கதையை எங்கோ படித்திருந்தேன். ஒரு கரும்பலகை வாங்கி வாசலில் மாட்டினேன். தினம் ஒரு கேள்வி, சரியான விடைக்கு டீ இலவசம். முதல் கேள்வி: தருமபுரி மாவட்டம் பிறந்த நாள் எது? சேலத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாள் வேறு, மறக்குமா? பதினொரு பேர் சரியாகச் சொன்னார்கள். பதினொரு டீ போனது. பன்னிரண்டாவது ஆள், "கிருஷ்ணகிரி 2004ல பிரிஞ்சதையும் சொல்றேன், ஒரு வடை சேத்துக் குடு" என்றார்.

அன்றிரவு ஞானம் வந்தது: கேள்விக்கு விடையே இருக்கக் கூடாது. மறுநாள் எழுதினேன்: 'அதியமான் நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்தது சரியா?'

எதிர்க்கடை பெஞ்சு மொத்தமாக ரோட்டைத் தாண்டி வந்தது. "தானே தின்னிருந்தா தகடூர் சேரன் கைக்குப் போயிருக்குமா?" என்றார் புளி மண்டிக்காரர். "நெல்லிக்காய் ஆயுசைத்தான் கூட்டும், வேலைத் தடுக்குமா?" என்றார் வாத்தியார். பாலக்கோட்டுக்குத் தக்காளி ஏற்றிப் போகும் டெம்போ டிரைவர், "அதியமான் வீட்டுக்காரம்மா ஒண்ணும் கேக்கலீங்களாண்ணா?" என்றார். அதற்குச் சங்கப் பாட்டில் ஆதாரம் தேடி வாத்தியார் வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தோடு வந்தார். மூன்று நாள் நடந்தது. பால் இரண்டு மடங்கு வாங்கினேன்.

பெருமையோடு அப்பாவிடம் சொன்னேன். அவர் கல்லாவைப் பார்க்கவில்லை, கணக்கு நோட்டைப் பார்த்தார். அதுவும் இரண்டு மடங்காகியிருந்தது. வாதத்தில் சூடாக இருப்பவரிடம் எப்படிக் காசு கேட்பது? ஔவைக்காகத் தொண்டை கிழியப் பேசிக்கொண்டே, "கணக்குல எழுதிக்க தம்பி" என்று விரலை ஆட்டினால் எழுதத்தானே வேண்டும்!

கோபத்தில் மறுநாள் பலகையில் கேள்வி எழுதவில்லை. கடன்காரர் பட்டியலை எழுதினேன். பெயர் போட மனசு வராமல் புளி மண்டி, டெம்போ, வாத்தியார் என்று மட்டும் போட்டு எதிரே தொகை.

எட்டு மணி வரை ஈ, காக்கை இல்லை. எதிர்க்கடையில் சாய்மானம் நிரம்பி வழிந்தது. எட்டரைக்கு வாத்தியார் மட்டும் வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பலகையை மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தார். எனக்குத் தொண்டை வறண்டது.

"தப்பு இருக்குடா."

"எங்கேங்க ஐயா?"

"எனக்கு 340ன்னு போட்டிருக்க. நேத்து ஒரு வடை விட்டுட்ட. 350." சாக்பீஸை வாங்கி அவரே திருத்தினார். அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்து தந்தியைப் பிரித்தார்.

"ஒரு டீ போடு. இதையும் எழுதிக்க."