ஈயம், பித்தளைக்குப் புரட்சி

பொங்கல் தீர்ந்து, வடையைக் கையில் எடுக்கும் நேரம் பார்த்துத்தான் அந்தக் கேள்வி வரும்: "சார், மிஸ்ட்பார்ன் படிச்சிருக்கீங்களா?" இல்லை என்றால் தொலைந்தீர்கள். ஆமாம் என்றாலும் தப்ப முடியாது. "மூணு பாகமுமா?"

கேட்கிற நம்மாள் பெரும்பாலும் ஆடிட்டர் ஆபீஸிலோ பேங்கிலோ இருப்பார். நடுராத்திரியில், தெருவில் நாய்கூட இல்லாத சிக்னலில், சிவப்பு விளக்குக்கு மரியாதை கொடுத்து நிற்கும் ரகம். சொத்து வரியை முதல் நாளே கட்டிவிடுவார். இவருக்கும் மாயமும் கலகமும் நிறைந்த கதைக்கும் என்ன உறவு?

பிராண்டன் சாண்டர்சனின் அந்த நாவலின் முதல் பாகம் 2006-இல் வந்தது. உலகைக் காக்கப் புறப்பட்ட வீரன் கோட்டை விட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியில் பிறந்த கதை. வானத்திலிருந்து சாம்பல் கொட்டுகிறது, ஆயிரம் வருஷமாக ஒரே கொடுங்கோலன் ஆள்கிறான், ஸ்கா என்னும் அடிமை மக்கள் அடிவாங்குகிறார்கள். கெல்சியர் என்ற திருடன் அந்த ஆட்சியைக் கவிழ்க்க ஆள் சேர்க்கிறான். "கவனிங்க சார், கலகக்காரங்க காசு குடுத்துத் திருடங்களை அமர்த்தறாங்க! ஆளுக்கு ஒரு வேலை. எல்லாம் பலகையில எழுதி, பேசி, திட்டம் போட்டு..." சொல்லும்போதே நம்மாளுக்குக் குரல் தழுதழுக்கும்.

மாயமும் அவர் மனசுக்கேற்ற மாயம். உலோகத்தை விழுங்கி, அதை உள்ளே 'எரித்தால்' சக்தி வரும். வெள்ளீயம் கண்ணையும் காதையும் கூர்மையாக்கும். துத்தநாகம் எதிராளியின் உணர்ச்சியைக் கிளறிவிடும், பித்தளை தணிக்கும். "உள்ள போன சரக்கு தீர்ந்தா சக்தியும் காலி. கணக்கு டேலி ஆகணும்ல?" ஹாரி பாட்டர்மேல் அவருக்குத் தீராத மனத்தாங்கல் உண்டு. கோலை ஆட்டினால் காரியம் நடக்கிறது, செலவுக் கணக்கே கிடையாது.

எஃகு எரிப்பதை விளக்க ஒருமுறை ஓட்டல் மேசையில் ஐந்து ரூபாய்க் காசு ஒன்றை வைத்தார். "இதைக் கீழே போட்டு நான் மனசால தள்றேன்னு வைங்க. காசு தரையில முட்டி நின்னுடும். அதுக்கு மேல எங்க போகும்? அப்போ நான்தான் மேல கிளம்புவேன்." டபராவை ஓரமாக நகர்த்திவிட்டு, எவ்வளவு உயரம் என்று கையால் காட்டினார். அண்ணாந்து பார்த்துவிட்டுக் குனிந்தால் காசைக் காணோம். டிப்ஸ் என்று நினைத்து சப்ளையர் எடுத்துப் போய்விட்டார். நம்மாள் அசரவில்லை. "பாருங்க, இது இரும்பு. இழுக்கற சக்தி."

எழுத்தாளரையும் அவர் தணிக்கை செய்தே மதிக்கிறார். ஜார்ஜ் மார்ட்டின் 2011-க்குப் பிறகு தன் நாவல் தொடரில் அடுத்த பாகம் தரவில்லை என்பது அவர் ஏட்டில் வராக்கடன். சாண்டர்சனோ, ஊரடங்குக் காலத்தில் யாருக்கும் தெரியாமல் நாவல்களை எழுதிக் குவித்து, 2022-இல் வாசகர்களிடமே நேராக நிதி திரட்டினார். 4 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. "டெலிவரி சார், டெலிவரி!"

நானும் படித்தேன். நடை சொக்க வைக்காது, சில இடங்களில் உபயோகக் குறிப்பு மாதிரிகூட இருக்கும். ஆனால் யாரையும் நம்பாத தெருத்திருடி வின், அந்தக் கூட்டத்தை மெல்ல மெல்ல நம்பத் தொடங்கும் பக்கங்களில் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. நம்மாள் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. அவருக்குப் பிடித்த ஆளும் வேறு என்று பிறகுதான் தெரிந்தது: எலண்ட். பிரபு வீட்டுப் பையன். நடன விருந்துக்கு வந்துவிட்டு, ஆடாமல் ஓரமாக உட்கார்ந்து புத்தகம் படிப்பவன். சீமாட்டி வேஷத்தில் வரும் வின் அங்கேதான் அவனைச் சந்திக்கிறாள்.

அதனால்தான் நம்மாள் கல்யாண ரிசப்ஷனுக்கும் புத்தகத்தோடு வருகிறார். போன மாதம் ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட தடித்த புத்தகம் ஒன்று. கசங்கிவிடும் என்று மேலுறையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, வெறும் கறுப்பு அட்டையோடு மண்டப வாசலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையில் பேனா. பட்டுப்புடவையில் ஒரு பெண் நேராக அவரை நோக்கி வந்தாள். நம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அண்ணா, ஐந்நூத்தி ஒண்ணு. சுந்தரம் குடும்பத்தார்னு எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார். அவளுக்குப் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. பந்தி முடிந்ததும் பெண்ணின் அப்பாவிடம் கவர்களையும், புத்தகத்தின் கடைசி வெற்றுத்தாளில் எழுதிய கணக்கையும் ஒப்படைத்து, சரிபார்த்ததற்குக் கையெழுத்தும் வாங்கினார். ஒரு ரூபாய் உதைக்கவில்லையாம்.