திருப்பிப் போட்டாலும் சரி

பிரான்சுக்குப் போகும் திருப்பூர் பனியனில் ஜிஎஸ்எம் (சதுர மீட்டர் துணியின் எடை) கொஞ்சம் கூடிக் குறைந்தால் பேசிச் சமாளிக்கலாம்; லேபிள் பிசகினால் கஷ்டம். தைத்த நாட்டை லேபிளில் குறிக்க, ஆங்கிலத்தில் எந்த நாடானாலும் ஒரே 'இன்' போதும். பிரெஞ்சுக்கு இந்தியா பெண்பால், ஆகவே 'ஆன்'. வங்கதேசம் ஆண்பால், ஆகவே 'ஓ'. ஆர்டர் டாக்காவுக்குக் கைமாறினால் லேபிளில் பாலும் மாறிவிடும். (நமக்கு நஷ்டம்தான் கண்ணில் படும்.)

துவைக்கும் முறைக்குத்தான் படக்குறிகள் இருக்கின்றனவே, சொல் எதற்கு என்பார்கள். படம் தொட்டியைக் காட்டும், இஸ்திரிப் பெட்டியைக் காட்டும். பிரிண்ட் உள்ளே போகும்படி திருப்பித் துவைக்கச் சொல்ல எழுத்து வேண்டும். பிரான்சின் 1994-ஆம் ஆண்டு தூபோன் சட்டப்படி அது பிரெஞ்சிலும் வேண்டும். அதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருக்கும் 'ஆ லான்வேர்' உள்வெளி, தலைகீழ், முன்பின் மூன்றுக்கும் பொது. நாட்டுக்கு நாடு பால் பார்க்கும் மொழி, பனியனைத் தலைகீழாகத் தொங்கவிட்டுத் துவைத்தாலும் கேட்காது போலிருக்கிறது.