தெர்மாகோலும் வாடகைக் கணினியும்

மதுரைச் செல்லூர் என்றால் தமிழ்நாட்டில் பலருக்குக் கைத்தறி நினைவுக்கு வராது, தெர்மாகோல்தான் வரும். 2017 ஏப்ரலில் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க, அமைச்சராக இருந்த செல்லூர் ராஜு தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார். காற்று அவற்றைக் கரைக்கே திருப்பி அனுப்பியது. ஊரே சிரித்தது. ஆனால் 2015-லேயே லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் தன் நீர்த்தேக்கத்தில் 9.6 கோடி கறுப்புப் பந்துகளைக் கொட்டியிருந்தது. அங்கே யாரும் பறந்துபோன பந்தைத் துரத்தவில்லை. காற்று தூக்காதபடி ஒவ்வொரு பந்துக்குள்ளும் கொஞ்சம் தண்ணீர் அடைத்திருந்தார்கள். யோசனை ஏறக்குறைய ஒன்றுதான், கனம்தான் வேறு. கிளவுடில், அதாவது வாடகைக் கணினியில், கணித மென்பொருள் நிறுவக் கிளம்பும் கல்லூரிப் பிள்ளைகளிடம் நான் குறை காண்பதும் யோசனையில் அல்ல, அந்தக் கனத்தில்தான்.

சேஜ்மேத்தையே எடுத்துக்கொள்வோம். வில்லியம் ஸ்டைன் 2005-ல் தொடங்கியது, இலவசம். இலவசப் பொருளை வைக்க இடம் மட்டும் வாடகைக்கு. இருப்பதிலேயே மலிவான ஒரு ஜிபி நினைவகக் கணினியைப் பிடித்து, மூலநிரலிலிருந்தே கட்டுவேன் என்று நம் பிள்ளை வீரமாக இறங்குவார். அது மணிக்கணக்கில் ஓடி, நடுவழியில் நினைவகம் போதாமல் உயிரை விடும். ஓடிய நேரத்துக்கு வாடகை உண்டு. கோண்டா என்ற தொகுப்பு மேலாளர் வழியாக நிறுவினால் இந்தப் பாடே இல்லை, ஆனால் அதில் வீரமும் இல்லை. அடுத்து, சேஜ்மேத்தில் வேலை செய்வதற்கான ஜூப்பிட்டர் நோட்புக் உலாவியில் திறக்காது. எரிச்சலில் 8888-ஆம் போர்ட்டை உலகத்துக்கே திறந்து, கடவுச்சொல்லையும் எடுத்துவிடுவார். இவருக்குத் திறக்கும், இவர் செலவில் கிரிப்டோ தோண்ட வருகிறவருக்கும் திறக்கும். வேலை முடிந்து கணினியை நிறுத்தினாலும் வட்டுக்கு வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். மீட்டர் வட்டி தெரிந்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மடிக்கணினி இருக்க இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். நியாயம்தான். அணிக்கோவையும் வகையீடும் போட, பதிவுகூடச் செய்யாமல் சேஜ்மேத்செல் இணையப் பக்கமே போதும். குற்றாலம் பக்கத்து வல்லத்தில் பிறந்த கணிதவியலாளர் எஸ். எஸ். பிள்ளை, எந்த முழு எண்ணையும் அதிகபட்சம் 73 ஆறாம் அடுக்குகளின் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்று 1940-ல் நிறுவியபோது எந்தக் கணினி இருந்தது? ஆனால் அதையே சாக்காக வைத்து எல்லாவற்றையும் காகிதத்தில் முடிக்கச் சொல்வது வீம்பு. 2-ஐ 13,62,79,841 தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது பகா எண் என்று 2024 அக்டோபரில் தெரிந்தது. நாலு கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள். லூக் டூரன்ட் என்பவர் 17 நாடுகளில் கிளவுட் கணினிகளை ஓடவிட்டுப் பிடித்தது அது. பரிசு 3,000 டாலர். வாடகை ரசீது பார்த்த யாரும் இதை லாபம் என்று சொல்லமாட்டார்கள். ஒற்றை மடிக்கணினியில் நடக்கிற காரியம் என்றும் சொல்லமாட்டார்கள்.

செலவு வரம்பு எச்சரிக்கை வைத்துவிட்டேன், பயமில்லை என்பது கடைசி வாதம். அந்த எச்சரிக்கை வெறும் மின்னஞ்சல். தனியாகச் சொல்லி வைக்காவிட்டால் அது எந்தக் கணினியையும் அணைக்காது, அந்த வயதில் மின்னஞ்சலை யாரும் திறப்பதும் இல்லை. அப்பாவின் முகவரிக்குப் போகும்படி வைப்பதுதான் முறை. கார்டு அவருடையதுதானே.