ரப்பர் பேண்டு பெரியப்பா

கோலார் தங்கவயலுக்குப் பக்கத்துப் பூதிகோட்டையில் தெருவுக்கு ஒரு ரப்பர் பேண்டு பெரியப்பா உண்டு. சட்டைப் பையைப் பார்த்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். உள்ளே ஒரு செல்போன் இருக்கும். அதன் இடுப்பில் இரண்டு ரப்பர் பேண்டு, தலைமாட்டில் செலோ டேப். திரையின் மேல்மூலையில் கிளம்பிய விரிசல் கீழே வருவதற்குள் நாலைந்து கிளையாகப் பிரிந்திருக்கும்.

"இன்னா பெரிப்பா, போனு ஒடைஞ்சிருக்குது?" என்று கேட்டுவிடாதீர்கள். முகம் சுண்டிவிடும்.

"ஒடையலப்பா. மேல் கண்ணாடி லேசா கீறியிருக்குது. உள்ள ராஜா மாதிரி ஓடுது" என்பார்.

பெரும்பாலும் தங்கவயலில் மைன்ஸ் வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டதும், கைக்கு வந்ததை வாங்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவர். மகன் விடிவதற்கு முன்பே பங்காருப்பேட்டையில் ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்கு ஓடுகிறவன். போன் அவன் போட்ட பிச்சை. ஒரு காலத்தில் அப்பாவின் வாட்சும் சைக்கிளும் பிள்ளைக்கு வரும். இப்போது பிள்ளையின் போன் அப்பாவுக்கு வருகிறது, அதுவும் ரயில் நெரிசலில் விழுந்து நொறுங்கிய பிறகு.

விரிசலை ஒட்டி ஒரு விரல் அகலத்துக்கு டச் செத்துவிட்டது. போன் வந்தால் எடுக்க வேண்டிய பச்சைப் பொத்தான் சரியாக அங்கேதான் வந்து நிற்கும். எனவே அடிக்கிற போனைப் பெரியப்பா அமைதியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். அடித்து ஓய்ந்ததும் இவரே கூப்பிடுவார். "யாருன்னு தெரிஞ்சுட்டா நாமளே கூப்பிடறதுதான் மரியாதை" என்று அதற்கு ஒரு நியாயமும் வைத்திருக்கிறார். விசைப்பலகையில் 'க' விழும் இடமும் செத்த நிலம். அதனால் அவர் அனுப்பும் காலை வணக்கத்தில் 'க' இருக்காது. உறவுக்காரர்கள் பழகிக்கொண்டார்கள். யாருக்காவது 'க' கட்டாயம் தேவைப்பட்டால் போனைக் குறுக்கே திருப்புவார். எழுத்தெல்லாம் இடம் மாறி, 'க' உயிருள்ள பக்கம் வந்துவிடும். குடும்பப் போட்டோ வந்தால் விரிசல் சம்பந்தியின் முகத்தை இரண்டாகப் பிளக்கும். "மனுசன் ரொம்ப இளைச்சுட்டாரு பாவம்" என்று வருத்தப்படுவார்.

சார்ஜ் போடுவது தனிக் கச்சேரி. சிவனசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து 1902-லேயே தங்கவயலுக்குக் கரண்டு கொண்டுவந்தார்கள். அத்தனை தூரம் வந்த கரண்டு, சார்ஜர் முனையிலிருந்து பெரியப்பாவின் போனுக்குள் ஒரு நூல் தூரம் தாண்ட மாட்டேன் என்கிறது. ஒயரை ஒருபக்கமாக வளைத்து, தீக்குச்சியால் முட்டுக்கொடுத்து, மேலே ஒரு டம்ளரை வைத்தால்தான் ஏறும். அந்த டம்ளரை யாராவது காபிக்கு எடுத்தால் வீட்டில் அன்று சண்டை.

மகன் நச்சரித்ததால் ஒருநாள் ராபர்ட்சன்பேட்டைக் கடைக்குப் போனார்.

"காம்போ மாத்தணும் பெரியவரே. டிஸ்பிளே, டச் ரெண்டும் சேர்ந்தே வரும். ரெண்டாயிரத்து ஐந்நூறு ஆவும்."

"இப்படியே வித்தா?"

"முந்நூறு தரலாம்."

பெரியப்பா கணக்குப் போட்டார். மாற்றவில்லை, ஆக ரெண்டாயிரத்து ஐந்நூறு லாபம். அந்தச் சந்தோஷத்தில் பங்காருப்பேட்டையில் இறங்கி, தண்ணீர் போலத் தெளிந்த பானி ஊற்றும் அந்த ஊர்ப் பானிபூரியை இரண்டு பிளேட் சாப்பிட்டுவிட்டு வீடு வந்தார்.

பையில் இருப்பது ஒன்றுதான். கட்டிலுக்கடியில் பிஸ்கட் டப்பாவில் இன்னும் ஐந்து இருக்கின்றன. புதையலைப் பூதம் காப்பது போல் அதைக் காத்து வருகிறார். ஒன்று, 2003-இல் வந்த நோக்கியா 1100. தலையில் டார்ச் உள்ள போன். பூமிக்கடியில் விளக்கு வெளிச்சத்தில் காலம் தள்ளியவருக்கு அதன்மேல் தனிப் பாசம், 'ரெண்டு வருசம் முந்தி வந்திருக்கக் கூடாதா' என்ற ஆதங்கமும் உண்டு. இன்னொன்றில் ஹெட்செட் ஒயரைக் குத்தி, அதையே ஏரியலாக்கி எஃப்.எம் கேட்பார். இது ஊர் ரத்தம். 2000-களின் தொடக்கத்தில், காற்றில் ஒலிபரப்ப உரிமம் கிடைக்காத நாளில், 'நம்ம த்வனி' என்ற சமுதாய வானொலியை கேபிள் கம்பி வழியாகவே வீடு வீடாகக் கொண்டுபோன ஊர் பூதிகோட்டை. மூன்றாவதன் பேட்டரி உப்பி, பின்மூடி தானே திறந்துகொண்டது. "நல்லா சார்ஜ் குடிச்சிருக்குது" என்கிறார்.

பெரியம்மாவுக்கு அந்த டப்பாமேல் ஒரு கண். "இந்தக் குப்பையத் தூக்கிக் கடாசுங்க" என்று ஆரம்பித்தால் பெரியப்பா கோட்டைப் பக்கம் கையைக் காட்டுவார். "ஐதர் அலி பொறந்த ஊருன்னு, இடிஞ்ச கோட்டையப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆளு வர்றான். ஒடைஞ்ச போனுன்னா மட்டும் உனக்குக் கசக்குதா?"

ஒருநாள் ஒலிபெருக்கி கட்டிய வண்டிக்காரன் தெருவுக்குள் வந்தான். பழைய போன், உடைந்த போன், தண்ணியில் விழுந்த போன் எதுவானாலும் கொடுங்கள், பிளாஸ்டிக் வாளி வாங்கிக்கொள்ளுங்கள் என்று அது கூவியது. பெரியம்மா டப்பாவோடு வாசலுக்கு ஓடினார். பெரியப்பா குறுக்கே பாய்ந்தார். அவர் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். 2024-இல் தெலங்கானா போலீஸ், இப்படி ஊர் ஊராகப் போய்ச் சேர்த்த சுமார் 4,000 பழைய போன்களைப் பிடித்தது. இணைய மோசடிக் கும்பலுக்குப் போகவிருந்தவை அவை. வாளிக்கு ஆசைப்பட்டால் நம் போன் யாருடைய கைக்குப் போய் என்ன செய்யுமோ!

பெரியப்பா கொடுக்காததற்குக் காரணம் போலீஸ் இல்லை, தங்கம். தங்கவயலில் நூற்றியிருபது வருடத்தில் 800 டன்னுக்கு மேல் எடுத்தார்கள். கடைசிக் காலத்தில் ஒரு டன் கல்லை உடைத்தால் சில கிராம்தான் தேறும். இதையே பார்த்து வளர்ந்தவரிடம், போனிலும் தங்கம் இருக்கிறது என்று மகன் ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டான். உண்மைதான். உள்ளே இருக்கும் போர்டிலும் இணைப்பு முனைகளிலும் துரு ஏறாமலிருக்க மெல்லிசாகத் தங்கம் பூசுகிறார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கில் பத்து லட்சம் செல்போனுக்குச் சுமார் 34 கிலோ. டன் கணக்கில் பார்த்தால் மைன்ஸ் கல்லைவிடப் போன் எத்தனையோ மடங்கு கொழுத்த சரக்கு. ஆனால் ஒரு பவுன் சேர சுமார் 235 போன் வேண்டும்.

"நம்மகிட்ட ஆறு இருக்குது. இன்னும் 229 தானே" என்றார் பெரியப்பா.

டோக்கியோ ஒலிம்பிக் கதையைச் சொல்லி மடக்கலாம் என்று பார்த்தான் மகன். அந்தப் போட்டியின் பதக்கங்கள் எல்லாம் ஜப்பான் மக்கள் கொடுத்த பழைய மின்னணுச் சாமான்களை உருக்கிச் செய்தவை. அதில் செல்போன் மட்டும் 62 லட்சம். கிடைத்த தங்கம் 32 கிலோ. நீரஜ் சோப்ரா கழுத்தில் தொங்கியதும் அதில் ஒன்று. "பார்த்தியா, ஒடைஞ்ச போனு ஒலிம்பிக்ல மெடலே வாங்கியிருக்குது. நீ குப்பைங்கறே!" என்று பெரியப்பா டப்பாவை இன்னும் உள்ளே தள்ளினார்.

தங்கை மகன் வீடியோ பார்த்துவிட்டு, "மாமா, ஆசிட்ல ஊறப்போட்டா வீட்லயே தங்கம் எடுக்கலாம்" என்றபோது மட்டும் பெரியப்பாவின் குரல் மாறியது. "வாயை மூடுடா. மைன்ஸ் கழிவு கொட்டின சயனைடு மேட்டுத் தூசியத் தின்னுட்டு இருமி இருமிச் செத்தவங்களப் பார்த்தவன் நான். தங்கம் சும்மா வராது." அந்தப் பேச்சு அன்றோடு முடிந்தது.

கடைசியில் மகன் சட்டத்தைக் கொண்டுவந்தான். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, போனைத் தயாரித்த கம்பெனிதான் அதன் மறுசுழற்சிக்கும் பொறுப்பு. பெங்களூரு பக்கம் தாபஸ்பேட்டையில் இ-பரிசரா போல அனுமதி பெற்ற ஆலைகளும் இருக்கின்றன என்று விளக்கினான். பெரியப்பா அரைமனதாகத் தலையாட்டினார். கொடுக்கும் முன் போட்டோவை எடுத்துக்கொண்டு உள்ளிருப்பதை அழிக்க வேண்டும். டச் வேலை செய்யவில்லையே? ராபர்ட்சன்பேட்டைக் கடைப்பையன் ஒரு சின்ன ஓடிஜி ஒயரைப் போனில் செருகி, அதில் கம்ப்யூட்டர் மவுஸை மாட்டினான். விரிசல் திரையில் குட்டியாக ஓர் அம்பு முளைத்து, செத்த நிலத்திலெல்லாம் சர்சர்ரென்று ஓடியது. பச்சைப் பொத்தான் அமுங்கியது. 'க' விழுந்தது.

பெரியப்பா போனைத் திருப்பி வாங்கிக்கொண்டார். இப்போது இடதுபையில் போன், வலதுபையில் மவுஸ். போன் வந்தால் திண்ணையில் உட்கார்ந்து, தொடைமேல் மவுஸைத் தேய்த்து எடுக்கிறார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டப்பா இருக்கும். உப்பிய பேட்டரி இருந்தால் கட்டிலுக்கடியில் வைக்காதீர்கள். குத்தாமல், சார்ஜ் போடாமல் முதலில் அதை அப்புறப்படுத்துங்கள். சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றுங்கள், உள்ளிருப்பதை அழியுங்கள், கம்பெனியின் சேவை மையத்திலோ அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடமோ கொடுங்கள். வாளிக்காரனிடம் மட்டும் வேண்டாம். அழிப்பதற்கு மவுஸ் தேவைப்பட்டால், பெரியவர்கள் தூங்கிய பிறகு மாட்டுங்கள்.