ஏணி பிடிக்கும் உத்தியோகம்

விண்ணப்பம், நேர்காணல், சிபாரிசு எதுவும் இல்லாமல் கிடைக்கிற உத்தியோகம் நம் ஊரில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். வாசலில் சும்மா நின்றால் போதும். "சார், இந்த ஏணியைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க" என்று நியமன உத்தரவு மேலிருந்து வரும். அந்தக் 'கொஞ்சம்' மத்தியானச் சாப்பாடு வரை நீளும்.

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் பாதி ஆண்கள் இந்த வேலையில்தான் இருப்பார்கள். பொங்கலுக்குள் வீட்டுக்கு வெள்ளையடித்தாக வேண்டும். கையாளுக்கும் சேர்த்துத்தான் கூலி பேசுவோம். ஆனால் கையாளுக்கு அன்றைக்குத்தான் மச்சினிக்குச் சீமந்தம் வரும். அவர் இடத்தில் வீட்டுக்காரர் நிற்பார். முதுகுவலி, கிறுகிறுப்பு, காது சரியாகக் கேட்காதது எதுவும் இந்த உத்தியோகத்துக்குத் தகுதிக் குறைவு இல்லை.

மேடைக்கு மேடை ஆசிரியர்களை ஏணி என்று புகழ்கிறார்கள். ஏறிப் போனவர்களைப் பற்றியும் நிறையப் பேசுகிறார்கள். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவனைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. அவன் அண்ணாந்து பார்த்தால் கண்ணில் சுண்ணாம்பு விழும். குனிந்து நின்றால் பிடரியில் விழும். நேராகப் பார்த்தால் சுவர்தான். சுவரையே எவ்வளவு நேரம் பார்ப்பது? ஒரு கை ஏணியில் இருக்க, மறு கை தானாகச் சட்டைப் பையில் இருக்கும் செல்போனைத் தேடிப் போகும். அப்போது மேலே இருப்பவரின் உயிர், அத்தை அனுப்பிய 'காலை வணக்கம்' ரோஜாப்பூவின் பொறுப்பில் இருக்கிறது.

ஆள் பிடித்துக்கொள்வது பாதுகாப்பில் கடைசிப் பட்சம் என்று பிரிட்டனில் வேலையிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பு சொல்கிறது. வேறு எந்த வழியும் இல்லாவிட்டால்தான் அது. நமக்கோ முதல் பட்சமும் அதுதான், கடைசிப் பட்சமும் அதுதான். அவர்கள் சொல்லும் முதல் பட்சம், ஏணியின் தலையைக் கயிற்றால் கட்டுவது. காரணம் எளிது. ஆள் மேலே ஏற ஏற ஏணியின் கால் வெளிப்பக்கமாக வழுக்கப் பார்க்கும். தலையோ இடமும் வலமும் சரியப் பார்க்கும். காலைத் தடுக்க ஒருவன் கொஞ்சம் முட்டுக் கொடுக்கலாம். இருபது அடி உயரத்தில் சரிகிற தலையைக் கீழே நிற்பவன் என்ன செய்வான்? "ஐயோ" என்பான்.

அதே அமைப்பு இன்னொன்றும் சொல்கிறது. ஏணியில் நின்றபடி ஒரே மூச்சில் 30 நிமிடத்துக்கு மேல் வேலை செய்வதாக இருந்தால், ஏணியை விட்டு வேறு வழி பார்க்க வேண்டுமாம். நம் பெயிண்டர் அண்ணனிடம் இதைச் சொன்னேன். "அரை மணிக்கு ஒரு தடவை டீ சொல்லுங்க சார், இறங்கிடறேன்" என்றார். சட்டத்தை இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டவரை நான் பார்த்ததில்லை.

ஏணியைச் சாய்க்கவும் ஒரு கணக்கு இருக்கிறது. நாலு அடி உயரத்துக்கு ஒரு அடி தள்ளிக் கால் ஊன்ற வேண்டும். இருபது அடி உயரத்தில் சாய்த்தால் கால் சுவரிலிருந்து 5 அடி தள்ளி இருக்க வேண்டும். அளவு நாடாகூடத் தேவையில்லை. ஏணிக் காலில் நம் கால்விரல் நுனி படும்படி நின்று கையை நேரே நீட்டினால் உள்ளங்கை பழுவைத் தொட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எங்கள் வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே இருப்பதே மூன்று அடி. அதற்குள் ஊன்றினால் ஏணி செங்குத்தாக நிற்கும், ஏறுகிறவர் மல்லாக்கச் சாய்வார். மிச்ச இரண்டு அடி பக்கத்து வீட்டில் இருக்கிறது. அங்கே அவர்கள் குரோட்டன்ஸ் வைத்திருக்கிறார்கள். ஆக, எங்கள் ஏணியின் சாய்மானம் அக்கம்பக்கத்து உறவைப் பொறுத்தது. முருங்கைக்காய் கொடுத்து அனுமதி வாங்கி, ஏணியைக் காம்பவுண்டுக்கு மேலாகச் சாய்த்து, பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் நின்றுகொண்டு என் வீட்டு ஏணியைப் பிடித்திருக்கிறேன். அந்த வீட்டு மாமி, "அப்படியே அந்தச் செடிக்குக் கொஞ்சம் தண்ணி ஊத்திடுங்கோ" என்றார்.

ஏணியைச் சோதிப்பது பற்றிக் கேட்காதீர்கள். ஏறுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் பழு ஆடுகிறதா, மூங்கில் வெடித்திருக்கிறதா, கட்டு தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் ஊர் ஏணிக்கு வருஷாந்திர சோதனை ஆயுத பூஜை அன்று நடக்கிறது. கழுவித் துடைத்து, வெடிப்பு இருக்கிற இடமாகப் பார்த்துச் சந்தனம் அப்பி, மேலே குங்குமம் வைத்துவிடுவார்கள். மர ஏணிக்குப் பெயிண்ட் அடிக்கக்கூடாது என்று ஒரு விதி உண்டு. பெயிண்டுக்கு அடியில் விரிசல் ஒளிந்துகொள்ளும். பெயிண்டர் வைத்திருக்கும் ஏணிக்கு இந்த விதியை எப்படிச் சொல்வது? எங்கள் பேட்டையில் எந்த வீடு எந்த வருஷம் என்ன நிறத்தில் இருந்தது என்பதை அவர் ஏணியைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

ஏறியவரின் பெல்ட் பக்கிள் ஏணியின் இரண்டு கைகளுக்கும் நடுவிலேயே இருக்க வேண்டும் என்கிறார்கள். எட்டி எட்டி வேலை செய்யக்கூடாது என்பதற்காக அப்படி. லுங்கிக்குப் பக்கிள் கிடையாது. தொப்புள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணனின் தொப்புள் பல நேரம் ஏணியை விட்டு ஒரு முழம் வெளியே இருக்கிறது. "இறங்கித் தள்ளி வெச்சுக்குங்கண்ணே" என்றால், "ஒரு சாண்தான் சார்" என்பார். வீட்டுக்குள் மடக்கு ஏணி என்றால் அந்தச் சாணுக்கும் இறங்கமாட்டார். உச்சியில் இரு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து, ஏணியையே நடக்கவைத்து அடுத்த மூலைக்குப் போய்விடுவார். குழந்தைகள் கை தட்டுகிறார்கள். சர்க்கஸில் கீழே வலையாவது கட்டியிருப்பார்கள்.

ஒரு விஷயம் மட்டும் வேடிக்கை இல்லை. அலுமினிய ஏணியோ இரும்பு ஏணியோ தெருக் கம்பியில் பட்டால், மண்ணில் கால் ஊன்றி அதைப் பிடித்துக்கொண்டிருப்பவன் வழியாகவும் மின்சாரம் பூமிக்கு இறங்கும். பிடிக்க வந்தவனும் போய்விடுவான். மூங்கில் நனைந்திருந்தால் அதையும் நம்ப முடியாது. வாசலில் கம்பி போகிற வீட்டில் ஏணியை நிமிர்த்திக்கொண்டு நடக்கவே கூடாது, படுக்கவைத்து இரண்டு பேராகத் தூக்க வேண்டும். கம்பிக்குப் பக்கத்தில் அடிக்க வேண்டியிருந்தால் மின்வாரியத்தில் சொல்லி இணைப்பை நிறுத்தச் செய்யுங்கள். அது நடக்காவிட்டால் அந்த இடத்துச் சுவர் இந்தப் பொங்கலுக்குப் பழைய நிறத்திலேயே இருக்கட்டும்.

அண்ணனிடம் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறது. பிளாஸ்டிக் உறை போட்டு பத்திரமாக வைத்திருக்கிறார். அது விழுந்த பிறகு உதவும். விழாமல் இருக்கக் கயிறு வேண்டும். ஆகவே இந்த வருஷம் வெள்ளையடிக்கிறவர்கள் பிரஷ், உப்புத்தாள், பட்டியோடு ஒரு நல்ல நைலான் கயிறும் வாங்கி வையுங்கள். அண்ணன் முதல் தடவை ஏறும்போது மட்டும் இரண்டு கையாலும் பிடியுங்கள். அவர் மேலே ஜன்னல் கம்பியிலோ வேறு அசையாத ஒன்றிலோ ஏணியைக் கட்டி முடிக்கிற வரைக்கும் செல்போன் மணி அடித்தால் அடிக்கட்டும்.