58 ரூபாய் தபால் செலவு

விடியுமுன்னே தாராவி தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து ஸ்கூட்டியில் இட்லிப் பானையோடு மாட்டுங்கா பக்கம் கிளம்புகிற அண்ணாச்சிக்கு ஒரு பெருமை உண்டு: சிக்னல் கேமராவுக்கு அவரை நன்றாகத் தெரியும். முன்சக்கரம் கோட்டை ஒரு சாண் தாண்டினால் போதும், இட்லி விற்றுத் திரும்புவதற்குள் போனில் இ-சலான் வந்து உட்கார்ந்திருக்கும். போட்டோவில் நம்பர் பளிச்சென்று இருக்கும், பானையும்தான்.

அதே சிவப்பு விளக்கை அடுத்த நிமிஷம் கிழித்துக்கொண்டு போகிறது ஒரு புதுக் கார். பூஜை போட்ட மாலைகூட இன்னும் வாடவில்லை. நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் 'அப்ளைடு ஃபார்' ஸ்டிக்கர். தற்காலிகப் பதிவென்றால் மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து, காகிதத்தில் எழுதி ஒட்டக்கூடாது என்பது விதி. கேமரா என்ன செய்யும், பாவம்? அதற்குப் படிக்கத்தான் தெரியும், பார்க்கத் தெரியாது.

2024 மே 19 அன்று புனே கல்யாணி நகரில், பைக்கில் வந்த இரண்டு இளம் இன்ஜினியர்களைக் கொன்ற போர்ஷ் காரிலும் நம்பர் பலகை இல்லை. பெங்களூரிலிருந்து தற்காலிகப் பதிவோடு வந்த வண்டி. ஆர்டிஓ ஆபீசுக்குப் போய்வர மட்டும்தான் அது ரோட்டில் இறங்கலாம். நிரந்தரப் பதிவு ஏன் முடியவில்லை? கட்டணம் கட்டவில்லை. எவ்வளவு? 1,758 ரூபாய்! மின்சாரக் கார் என்பதால் சாலை வரியே கிடையாது. மிச்சம் இருந்தது கடன் பதிவுக்கு 1,500, ஸ்மார்ட் கார்டுக்கு 200, தபாலுக்கு 58. கோடி ரூபாய்க்கு மேல் கொட்டி வாங்கியவர்களுக்குத் தபால் செலவுதான் இடித்ததோ என்னவோ.

ஓட்டியவனுக்கு வயது 17. அன்றே ஜாமீன், நிபந்தனைகளில் ஒன்று, விபத்துகளைப் பற்றி 300 சொல்லில் கட்டுரை. ஊர் கொதித்த பிறகுதான் உத்தரவு மாறியது. போக்குவரத்துத் துறையும் பொங்கி எழுந்து, அந்தக் காரை 12 மாதத்துக்குப் பதிவு செய்ய முடியாது என்று அறிவித்தது. பதிவில்லாமல் ஓடிய காருக்கு, பதிவு கிடையாது என்று தண்டனை! திருடனுக்கு இனிமேல் சாவி தரமாட்டோம் என்பது போல.

நேற்று அண்ணாச்சி புதுச் சலானைக் காட்டினார்.

"நானும் நம்பரைக் கழட்டிப் போட்டுரட்டுமா, தம்பி?"

"வேண்டாம் அண்ணாச்சி. கேமராவுக்குத்தான் நம்பர் வேணும். முக்கில் நிற்கிற ஹவல்தாருக்கு வண்டியோட விலையே தெரியும்."