பின்கண்ணாடி மாற்றுச் செலவின் தோற்றமும் வளர்ச்சியும்: ஓர் ஆய்வு

முனைவர் பட்டத்துக்கு யாரும் கை வைக்காத தலைப்பு தமிழ்நாட்டில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடி அலைவோருக்கு ஒரு நற்செய்தி. காரின் பின்கண்ணாடி உடைந்தால் புதிதாகப் போட எவ்வளவு ஆகும் என்ற கேள்வி இன்னும் தீண்டுவாரின்றிக் கிடக்கிறது. சென்னை புதுப்பேட்டையில் கேட்டால் ஒரு விலை. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கேட்டால் வேறொரு விலை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டால் எஸ்டிமேட் என்ற பெயரில் ஒரு சிறு நூலே கையில் கிடைக்கும். எதிர்வீட்டுக்காரர் தன் மைத்துனர் இதே கண்ணாடியைப் பாதி விலைக்குப் போட்டதாகச் சொல்வார். அந்த மைத்துனரை இதுவரை எவரும் நேரில் கண்டதில்லை. ஒரே மூலத்துக்கு இத்தனை பாடபேதங்கள் ஏன் என்பதே இவ்வாய்வின் தோற்றுவாய்.

கருதுகோள் இது: பின்கண்ணாடியின் விலையில் கண்ணாடிக்கு உள்ள பங்கு சொற்பம். மற்றதெல்லாம் அதன்மேல் வரைந்தது, அதைச் சுற்றி ஒட்டியது, அதன் மூலையில் குத்திய முத்திரை ஆகியவற்றுக்கே போகிறது.

ஆய்வின் எல்லை, டிக்கிக்கு மேலே உள்ள பெரிய கண்ணாடி மட்டும். பின்கதவை ஒட்டி முக்கோணமாக ஒரு குட்டிக் கண்ணாடி இருக்கும். அளவு சிறிதென்பதால் விலையும் சிறிதாக இருக்கும் என்று நம்பிப் போனவர்கள் திரும்பி வரும்போது பேசாமல் வருவார்கள். சட்டத்தோடு சேர்த்தே வார்க்கப்படும் ரகம் அது. சதுர அங்குலக் கணக்கில் பெரிய கண்ணாடியைத் தோற்கடிக்கும். அதற்குத் தனி ஆய்வேடு வேண்டும்.

முன்னோர் ஆய்வு

உருகிய கண்ணாடியைத் தண்ணீரில் சொட்டவிட்டால் தலை பெருத்து வால் நீண்ட ஒரு துளி உறையும். தலையில் சுத்தியலால் அடித்தாலும் அசராது. வால் நுனியைக் கிள்ளினால் முழுத் துளியும் தூள் தூளாகச் சிதறும். இளவரசர் ரூபர்ட்டின் பெயரால் வழங்கும் இந்தத் துளிகளை ராபர்ட் ஹூக் 1665-ல் வெளியான 'மைக்ரோகிராஃபியா'வில் ஆராய்ந்திருக்கிறார். துளி ஏன் வெடிக்கிறது என்று பக்கம் பக்கமாகப் பேசும் ஹூக், வெடித்த துளிக்கு யார் பணம் கொடுப்பது என்ற இடத்தில் மௌனம் சாதிக்கிறார். லண்டன் ஆய்வு மரபின் பெருங்குறை இது.

1874-ல் பிரான்சின் த லா பாஸ்தீ, சூடான கண்ணாடியை எண்ணெயில் முக்கி உறுதியாக்கும் வழியைக் கண்டார். இப்போது எண்ணெய்க்குப் பதில் காற்று. கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, இரு பக்கமும் காற்றை வேகமாக அடித்து ஆற்றுகிறார்கள். மேற்பரப்பு முந்திக்கொண்டு இறுகிவிடும். உள்ளே இருப்பது நிதானமாக ஆறும்போது சுருங்க இடம் கிடைக்காமல் மேற்பரப்பை உள்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். இந்த இழுபறியால்தான் அது சாதாரணக் கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு உறுதியாக நிற்கிறது. ஓரத்தில் சரியான ஓர் அடி விழுந்தால் மொத்தமும் பொலபொலவென்று உதிர்வதும் இதே காரணத்தால்தான். சமரசத்தில் நிற்கும் கூட்டுக்குடும்பம் என்று வைத்துக்கொள்ளலாம்.

முன்கண்ணாடியின் குணம் வேறு. இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் இருப்பதால் விரிசல் விட்டாலும் விட்டுக்கொடுக்காமல் நிற்கும். சின்னக் குழி என்றால் பிசின் ஊற்றி ஒப்பேற்றலாம். பின்கண்ணாடிக்குப் பாதி சேதம் என்ற நிலையே கிடையாது. பட்டி பார்க்க முடியாது, ஒட்டுப்போட முடியாது. பெரிய கண்ணாடியை வாங்கி அளவுக்கு அறுத்துக்கொள்ளலாம் என்ற யோசனையும் செல்லாது. பதப்படுத்திய பிறகு அறுக்கப் போனால் அதுவும் உதிரும். ஆகவே "இருக்கிறதை வெச்சு ஏதாவது பண்ணிக் குடுங்களேன்" என்று தொடங்கும் நம்முடைய பேர மரபுக்கு முதல் வாசல் இங்கேயே அடைபடுகிறது.

மணல்

கண்ணாடியின் மூலப்பொருள்கள் மணல், சோடா சாம்பல், சுண்ணாம்புக்கல் முதலியன. இவற்றை உருக்கி, உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டுத் தகடாக்குகிறார்கள். ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் ஆலை 2000-ம் ஆண்டிலிருந்து இதைச் செய்துவருகிறது. மணல் விலை பின்கண்ணாடியின் விலையை எந்த அளவு பாதிக்கிறது என்று இங்கே விரிவாக ஆராய வேண்டும். தமிழ்நாட்டில் மணலைப் பற்றித் துருவித் துருவி ஆராய்பவர்களுக்கு நேர்வதைக் கருத்தில் கொண்டு இந்த இயல் இத்துடன் நிறைவுபெறுகிறது.

களப்பணி

தகவலாளர் புதுப்பேட்டைக் கடைக்காரர். ஒரு காதில் செல்போன், கையில் டீ. எதிர்முனையில் கண்ணாடி உடைந்த ஒருவர். உரையாடல் கேட்டவாறே தரப்படுகிறது.

"என்ன வண்டி சார்? எந்த வருஷம்? பேஸ் மாடலா, டாப் எண்டா?"

எதிர்முனை ஏதோ சொல்கிறது.

"டீஃபாகர் வருமா? அதான் சார், கண்ணாடியில குறுக்கால கோடு கோடா இருக்குமே."

நீண்ட மௌனம்.

"கண்ணாடிதான் இல்லையே, நான் எதைப் பாத்துச் சொல்றதுன்னு கேக்குறீங்களா? கரெக்டுதான். டேஷ்போர்டுல பட்டன் இருக்கா பாருங்க. இல்லன்னா டிக்கி ரெண்டு ஓரத்துலயும் வயர் தொங்குதான்னு பாருங்க."

சுவடி எரிந்த பிறகு அதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்கும் முறை. ஆனால் இந்த வினாக்களில்தான் விலையே அடங்கியிருக்கிறது. அந்தக் கோடுகள் வெறும் கோடுகள் அல்ல. வெள்ளி கலந்த பசையை அச்சிட்டு, சூளைச் சூட்டில் கண்ணாடியோடு ஒன்றாக்கியவை. பட்டனைத் தட்டினால் மின்சாரம் ஓடிச் சூடாகி, கண்ணாடியில் படிந்த பனியை விரட்டும். கொடைக்கானலில் இதன் அருமை தெரியும். சென்னையில் பல உரிமையாளர்கள் தங்கள் வண்டியில் இப்படி ஒரு பட்டன் இருப்பதையே கண்ணாடி உடைந்த அன்றுதான் அறிகிறார்கள். ஒருமுறைகூட அழுத்தாத பட்டனுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கும் அந்தக் கணத்தில் அவர்கள் முகத்தில் தோன்றுவது எண்வகை மெய்ப்பாட்டில் எதுவென்று வகைப்படுத்த முடியவில்லை.

கோட்டுக்கு ஒரு விலை என்றால், வைப்பர் ஓட்டைக்கு ஒரு விலை. ஓட்டையை வாங்கிய பிறகு போட முடியாது. பிறக்கும்போதே இருக்க வேண்டும். சில வண்டிகளில் ரேடியோ ஆன்டெனாவும் கோடாகவே கண்ணாடியில் ஓடும். செடான் காரின் கண்ணாடி அகன்று வளைந்தது; ஹேட்ச்பேக்கினது குட்டையானது. நிறைய விற்ற கார் என்றால் கண்ணாடி கடைக்குக் கடை சாத்தி வைத்திருப்பார்கள். சில ஆயிரங்களில் காரியம் முடியும். அபூர்வமான கார் என்றால் விலையும் அபூர்வமாகிவிடும். மறைமலைநகர் ஆலையில் ஃபோர்டு 2022-ல் உற்பத்தியை நிறுத்திய பிறகு, அந்த வண்டி வைத்திருப்பவர்கள் ஸ்பேர் பார்ட்ஸ் என்ற சொல்லையே சற்றுத் தழுதழுத்துத்தான் உச்சரிக்கிறார்கள்.

அடுத்தது முத்திரை. கண்ணாடியின் கீழ் மூலையில் பொடி எழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கும்: ஐஎஸ்ஐ குறி, செய்தவர் பெயர், தயாரித்த மாதத்தைச் சொல்லும் சில புள்ளிகள். இவற்றோடு கார் கம்பெனியின் சின்னமும் இருந்தால் அது கம்பெனி கண்ணாடி. அதே ஆலை செய்து, அந்தச் சின்னம் மட்டும் இல்லாமல் வெளிச்சந்தைக்கு வரும் கண்ணாடியும் உண்டு, விலை இறங்கும். விரல் நகம் அளவுகூட இல்லாத அந்தச் சின்னம்தான் காரிலேயே அதிக விலை கொடுத்து அச்சடித்த இடம் என்பது என் துணிபு. மூலையில் எந்தக் கல்வெட்டும் இல்லாத கண்ணாடியை யாராவது மலிவாக நீட்டினால் கும்பிட்டுவிட்டு நகர்வது நல்லது. இதைக் கேலியாகச் சொல்லவில்லை.

ஒட்டிலக்கியம்

தமிழ்நாட்டில் பின்கண்ணாடி ஒளி புகும் பொருள் மட்டுமன்று, ஒரு வெளியீட்டு ஊடகமும்கூட. குலதெய்வம், பெற்றோர் ஆசி, பிள்ளைகளின் பெயர், கட்சி, நடிகர், சாதி என்று ஒரு குடும்பத்தின் முழு வரலாறும் அங்கே பதிப்பிக்கப்படுகிறது. பிரஸ், போலீஸ், டாக்டர் வகை ஸ்டிக்கர்கள்மீது சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2024 மே 2 முதல் நடவடிக்கை என்று அறிவித்தபோது, பல முக்கியமான படைப்பாளிகள் ஒரே வாரத்தில் மௌனமானார்கள். கூலிங் பேப்பரின் கதை அதற்கும் முந்தியது. பின்கண்ணாடி 70 சதவீத வெளிச்சத்தையாவது உள்ளே விட வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம், எத்தனை சதவீதமானாலும் பிலிம் ஒட்டவே கூடாது என்றது.

செலவுக் கணக்கில் இந்த இலக்கியத்துக்கு இடமுண்டு. கண்ணாடி உதிரும்போது கருப்பசாமியும் சேர்ந்து உதிர்கிறார். புதுக் கண்ணாடியோடு அவர் வருவதில்லை. இன்ஷூரன்ஸும் அவரை ஏற்பதில்லை. ஸ்டிக்கர் கடையில் தனியாக வெட்டி வாங்க வேண்டும். இம்முறை எழுத்துப்பிழையைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு இருந்தும், பழைய பாடத்தையே அப்படியே மறுபதிப்புச் செய்யும் உரிமையாளர்களின் மூலபக்தி வியக்கத்தக்கது.

இன்ஷூரன்ஸ் நியாயம்

கிளெய்ம் படிவத்தில் 'விபத்து எப்படி நேர்ந்தது' என்று சில வரி இடம் விட்டிருப்பார்கள். தமிழ்ச் சிறுகதையின் வளர்ச்சியை ஆராய்வோர் இங்கே பார்வையைத் திருப்ப வேண்டும். தென்னை மட்டை, தெருக் கிரிக்கெட், டிக்கியில் பிளைவுட் நீட்டிக்கொண்டிருக்க அதன்மேல் ஓங்கிச் சாத்தியது ஆகியவை உண்மையில் நடப்பவை. படிவத்தில் இந்த மூன்றாவது மட்டும் காணக் கிடைக்காது. 'நின்றிருந்த வண்டிமீது அடையாளம் தெரியாத பொருள்' என்று மாறிவிடும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது மட்டும் சென்னையில் யாருக்கும் கற்பனை தேவைப்படவில்லை. அடையாளம் தெரிந்த மரமே மேலே கிடந்தது.

விதிகள் விசித்திரமானவை. சாதாரண முழுக் காப்பீட்டில் கண்ணாடிக்குத் தேய்மானம் கிடையாது; ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் 50 சதவீதம். எத்தனை வருடக் கண்ணாடியானாலும் அது புதுக் கருக்கு அழியாதது, அதைச் சுற்றியுள்ள பீடிங்கோ ஷோரூமை விட்டு இறங்கும்போதே அரைக்கிழம் என்பது இதன் தத்துவம். 1500 சிசி வரையுள்ள காருக்கு முதல் 1,000 ரூபாய் நம்முடையது. அதற்கு மேற்பட்ட வண்டிக்கு 2,000.

இனி நோ கிளெய்ம் போனஸ். சேதக் காப்புக்கான பிரீமியம் 10,000 ரூபாய், அது ஆண்டுதோறும் மாறாது என்று ஆய்வாளர்கள் மட்டுமே நம்பக்கூடிய ஓர் அனுமானத்தை வைத்துக்கொள்வோம். ஐந்து வருடம் கிளெய்மே செய்யாதவருக்கு 50 சதவீதத் தள்ளுபடி; 5,000 கட்டுகிறார். 7,000 ரூபாய் பின்கண்ணாடிக்காக ஒரு கிளெய்ம் போடுகிறார். அவர் கையிலிருந்து 1,000 போக, கம்பெனி 6,000 கொடுக்கிறது. வீட்டில் பெருமிதம். மறு வருடம் தள்ளுபடி பூஜ்யம். அதிலிருந்து 20, 25, 35, 45 என்று மறுபடி படி ஏற வேண்டும். கட்டும் தொகை 10,000, 8,000, 7,500, 6,500, 5,500. ஐந்து வருடத்தில் 37,500. பேசாமல் இருந்திருந்தால் 25,000. கூடுதலாகப் போனது 12,500. வந்த 6,000 ரூபாயைக் கழித்தால் 6,500 ரூபாய் நஷ்டம். போனஸைக் காப்பாற்றவே தனியாக ஒரு காப்பீடும் விற்கிறார்கள். அதை எடுத்திருந்தால் கணக்கு மாறும். காப்பீட்டுக்குக் காப்பீடு என்ற இந்தக் கட்டத்தில் பொருளியல் முடிந்து வேதாந்தம் தொடங்குகிறது.

பூட்டுவிதி

அம்பாசடர் காலத்தில் ரப்பர் பீடிங்தான். பீடிங்கின் பள்ளத்தில் கயிற்றைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, ஒருவர் வெளியிலிருந்து கண்ணாடியை அழுத்த, உள்ளே இருப்பவர் கயிற்றை மெதுவாக உருவுவார். கயிறு வர வர ரப்பரின் உதடு தகரத்தைக் கவ்விக்கொண்டு உட்காரும். கூலிக்கு மேல் அன்று கொடுக்க வேண்டியது டீதான்.

இப்போது பாலியூரித்தேன் சீலன்ட். பழைய பசையைச் சீவி, பிரைமர் அடித்து, கருப்புப் பசையை அறுபடாத ஒரே கோடாகச் சுற்றி இழுத்துக் கண்ணாடியைப் பதிக்க வேண்டும். கை நடுங்கினால் அடுத்த ஐப்பசியில் டிக்கிக்குள் தண்ணீர். அதற்கு முன் உள்ளே சிதறிக் கிடப்பதை வேக்குவம் வைத்து உறிஞ்ச வேண்டும். சீட்டு இடுக்கு, ஸ்பீக்கர் ஜாலி, ஸ்டெப்னிக் குழி என்று எங்கும் கல்கண்டாய்க் கிடக்கும். எவ்வளவு உறிஞ்சினாலும் சில துண்டுகள் தலைமறைவாகி, கார் கைமாறும்போது புது உரிமையாளருக்கு வண்டியின் பூர்வகதையைச் சொல்லும். லேபர் சார்ஜ் என்று பில்லில் ஒரே வரியாக வருவதில் பெரும்பகுதி இந்த அகழாய்வுக்கே.

இந்தப் பசை காற்றில் உள்ள ஈரத்தை வாங்கித்தான் இறுகும். சென்னையின் புழுக்கத்தால் இப்படி ஒரு நன்மை உண்டென்பது இதுவரை எவராலும் பதிவு செய்யப்படவில்லை. ஆனாலும் ஓரிரு நாள் வண்டியைக் கழுவக் கூடாது; ஒரு கதவுக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கியே வைத்திருக்க வேண்டும்; எல்லாவற்றுக்கும் மேலாக, கதவை அறைந்து சாத்தக் கூடாது. உள்ளே அடைபடும் காற்று, இறுகாத பசையை வெளியே தள்ளிவிடும். இதைக் கடைக்காரர் வண்டி ஓட்டுபவரிடம் மட்டுமே சொல்வார். பின்சீட்டில் பையோடு ஏறி, இறங்கும்போதெல்லாம் பீரோ சாத்துவதுபோல் சாத்தும் பெரியப்பாவிடம் இச்செய்தியை யார், எந்தச் சொற்களில் சேர்ப்பது என்பது இவ்வாய்வின் எல்லைக்குள் வராது.